படுவான்கரைக் காட்டின் பழுப்புத்தொப்பிச் சிலம்பன்

ஆடி மாதக் கதிர்காம உற்சவத்துக்காக மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறைக் கரையோரத்திலிருந்தும் நடந்து செல்வோர், உகந்தை முருகனை வணங்கிவிட்டுக் காட்டுக்குள் இறங்கிய பின்னர், குமுக்கன், நாவலடி, வியாழை என்று ஒவ்வோர் இடமாகத் தங்கிப் பல நாட்கள் நடக்கிறார்கள். அந்த நடையில் யானைக்கு அஞ்சுகிறார்கள். கரடியைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். மயிலைக் கண்டால் கைகூப்புகிறார்கள். விடியும் வேளையில் ஆற்றோரப் பற்றைக்குள்ளிருந்து திரும்பத் திரும்ப எழும் ஒரு தெளிந்த சீழ்க்கையும் அவர்களில் பலருடைய காதில் விழுந்திருக்கும். ஆனால், அதை எழுப்புவது எது என்று நின்று பார்த்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். நின்று பார்த்தாலும் எளிதில் கண்ணுக்குத் தட்டுப்படாத பறவை அது. உலகில் இலங்கைத் தீவைத் தவிர வேறெங்கும் வாழாத அந்தச் சிறு பறவை, நமது மாவட்டங்களின் காடுகளில் எவ்வாறு வாழ்கிறது, எதை நம்பி வாழ்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கைக்கே உரிய பறவைகள் என்றதும் நமது மாணவர்களின் நினைவுக்கு வருவது சிங்கராஜவனம். அதில் தவறில்லை. இத்தீவுக்கு மட்டும் உரியவை என்று ஏற்கப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட பறவை இனங்களில் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈர வலயக் காடுகளிலோ மலைநாட்டிலோதான் வாழ்கின்றன. இலங்கை நீல அழகி அங்கேதான். செம்முகப் பூங்குயிலும் பெரும்பாலும் அங்கேதான். முதலில் குரலாக மட்டும் கேட்கப்பட்டு, 2001 இல் கண்ணால் காணப்பட்டு, 2004 இல் அறிவியல் பெயர் பெற்ற செரண்டிப் ஆந்தையும் அங்கேதான். இதனால், மழை குறைந்த கிழக்கில் இருப்பவை எங்கும் காணக்கூடிய சாதாரணப் பறவைகளே என்றோர் எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. இலங்கைக் காட்டுக்கோழியும், இலங்கைச் சாம்பல் இருவாட்சியும், இங்கே பேசப்படும் சிலம்பனும் உலர் வலயக் காடுகளிலும் வாழும் தீவுக்குரிய இனங்கள் என்பதை நமது பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லிக்கொடுக்கவில்லை.

பெயரைப் பற்றி முதலில் ஒரு விளக்கம். நமது வளவுகளில் ஆறேழு சேர்ந்து கிளறித் திரிந்து, ஓயாமல் சத்தமிடும் சாம்பல் நிறப் பறவையைப் புலுனி என்கிறோம். தமிழ்நாட்டுப் பறவை நூல்கள் அதையும் அதைப் போன்றவற்றையும் சிலம்பன் என்ற பொதுப்பெயரால் குறிக்கின்றன. அந்த வழக்கைப் பின்பற்றி, இத்தீவுக்குரிய காட்டுப் பறவையைப் பழுப்புத்தொப்பிச் சிலம்பன் என்று இங்கே அழைக்கிறேன். பெல்லோர்னியம் பஸ்கோகப்பில்லஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஒரே பொதுப்பெயர் கொண்டிருந்தாலும் புலுனியும் இதுவும் நெருங்கிய உறவினர் அல்ல. மரபணு ஆய்வுகளின் பின்னர் சிலம்பன்களின் பழைய பெருங்குடும்பம் பலவாகப் பிரிக்கப்பட்டபோது, புலுனி ஒரு குடும்பத்திலும் இப்பறவை நிலச் சிலம்பன்களின் குடும்பத்திலும் வைக்கப்பட்டன. பழக்கத்திலும் அந்த வேறுபாடு தெரிகிறது. புலுனி மனிதரின் முற்றத்துக்கு வரும், கூட்டமாக வாழும். இதுவோ பெரும்பாலும் சோடியாக, பற்றையின் அடியிலேயே நாளைக் கழிக்கும்.

நீண்ட வாலையும் சேர்த்து ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் நீளமுள்ள பறவை இது. முதுகு பழுப்பு, முகமும் வயிற்றுப்புறமும் கறுவாப்பட்டையை அரைத்தெடுத்தது போன்ற இளஞ்செம்பழுப்பு, உச்சந்தலையில் மட்டும் கரும்பழுப்பான ஒரு தொப்பி. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. காய்ந்த பாலை இலையும் வீரை இலையும் குவிந்து கிடக்கும் தரையில் இந்த நிறங்கள் எவ்வளவு பொருந்திப்போகின்றன என்பது, சருகு அசைவதைப் பார்த்தும் பறவையைக் காண முடியாமல் நிற்கும்போதுதான் புரியும்.

கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வேர்ட் பிளைத் 1849 இல் இவ்வினத்துக்கு அறிவியல் பெயரிட்டார். பின்வந்தவர்கள், தீவின் வெவ்வேறு பகுதிகளில் இப்பறவையின் நிறச்சாயல் சற்றே மாறுபடுவதைக் கண்டு, மூன்று துணையினங்களாகப் பிரித்தனர். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள உலர்ந்த தாழ்நிலங்களுக்கு உரிய, நிறம் சற்று வெளிறிய வடிவம் 1919 இல் தனித் துணையினமாகப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கண்டியில் பணியாற்றிய அமெரிக்கப் பறவையியலாளர் டிலன் ரிப்ளி, 1946 இல் ஈர வலயத்துக் கரிய வடிவத்துக்குப் பெயரிட்டார். இத்தகைய பிரிவுகள் எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர்கள் ஒரே அளவில் ஏற்பதில்லை என்றாலும், நமக்கு இதிலுள்ள செய்தி முக்கியமானது. சிங்கராஜவனத்துப் பறவை தற்செயலாகக் கிழக்குக்கும் வந்து தங்கிவிட்டது என்று கொள்வதற்கில்லை. கிழக்கின் காட்டுக்கு அதன் வெயிலிலும் சருகிலும் நிறம் பழகிய, தனக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. அந்தக் காடு போனால் அந்த வடிவத்துக்கு ஈர வலயம் மாற்றிடம் ஆகாது.

இத்தீவில் மட்டும் இது எப்படி உருவானது என்ற கேள்விக்கு விடை, கடலிலும் காட்டிலும் சேர்ந்தே கிடக்கிறது. இதன் நெருங்கிய உறவினரான புள்ளிச் சிலம்பன் இந்தியாவின் மலைக்காடுகளிலிருந்து தென்கிழக்காசியா வரை பரந்து வாழ்கிறது. அதன் மார்பில் கோடுகளும் தொண்டையில் வெண்மையும் உண்டு. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது பாக்குநீரிணைதான் என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால், அந்தக் கடலின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லாதது. பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தபோது, இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்தன. அத்தகைய இணைப்பு அதற்கு முன்னரும் பலமுறை ஏற்பட்டது. அப்படியிருந்தும் இரு கரையின் உயிரினங்களும் முழுமையாகக் கலந்துவிடவில்லை. தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் தவளை, நண்டு, நன்னீர்மீன் முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு 2004 இல் வெளியான ஓர் ஆய்வு, நிலப்பாலம் இருந்த காலத்திலும் இலங்கை உயிரினங்களில் பல தனித்தே வளர்ந்தன என்று காட்டியது. நிலம் இணைந்திருந்தாலும், இடையே கிடந்தது வெட்டவெளியான வறண்ட சமவெளி. காட்டின் அடியை விட்டு வெளியே வராத உயிருக்கு அந்தச் சமவெளியும் ஒரு கடலே. பழுப்புத்தொப்பிச் சிலம்பனின் இயல்பைப் பார்க்கும்போது, அதன் தனிமைக்கும் இதே காரணம் பெரிதும் பொருந்தும் என்றே நான் கருதுகிறேன்.

அந்த இயல்பை விளங்கிக்கொள்ள, நமது காட்டின் தரையை விளங்கிக்கொள்ள வேண்டும். கிழக்கின் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையிலான வாடைக்காலத்தில் பெய்து முடிகிறது. வைகாசியிலிருந்து கச்சான் வீசத் தொடங்குகிறது. தென்மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இறங்கும் அந்தக் காற்று, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரைக்கு வரும்போது ஈரமற்ற வெக்கையாக இருக்கிறது. பாலை, வீரை, கருங்காலி முதலியன என்றும் பச்சையாக நின்றாலும், முதிரை போன்றவை இலையை உதிர்த்துவிடுகின்றன. தரையில் சருகு ஏறுகிறது. பார்ப்பவருக்கு அது குப்பை. ஆனால், மேற்சருகை விலக்கிக் கையை உள்ளே வைத்தால், கச்சானின் உச்சத்திலும் அங்கே குளிர்ச்சி தெரியும். கறையான், எறும்பு, சிலந்தி, வண்டு, அவற்றின் புழுக்கள் எல்லாம் அந்தக் குளிர்ச்சியில் தங்கியே கோடையைக் கடக்கின்றன. பூச்சிகளையே முதன்மை உணவாகக் கொண்ட சிலம்பனுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடுவது இந்தச் சருகுப் படுக்கைதான். இலையைப் புரட்டிப் பார்ப்பதும், தத்தி நகர்வதும், அடுத்த இலையைப் புரட்டுவதுமே அதன் அன்றாடத் தொழில். பறந்துபோய் வேறிடத்தில் பருவத்தைக் கழிக்கும் வலசைப் பழக்கம் அதற்கு இல்லை. பிறந்த காட்டிலேயே கச்சானையும் வாடையையும் அது எதிர்கொண்டாக வேண்டும்.

சருகு மட்டும் இருந்தால் போதாது. அதன் மேல் பற்றை இருக்க வேண்டும். நிழல் தந்து சருகின் ஈரத்தைக் காப்பது பற்றை. வல்லூறின் கண்ணிலிருந்து பறவையை மறைப்பதும் பற்றை. கூடும் அங்கேதான். தரையிலோ தரையை ஒட்டிய பொந்திலோ, அடர்ந்த இலைகளுக்குள் மறைத்து, இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இடுகிறது. மரத்தின் உச்சியில் கூடு கட்டும் பறவைக்கு இல்லாத ஆபத்துகள் நிலத்தில் கூடு கட்டும் பறவைக்கு உண்டு. பாம்பு, கீரி, உடும்பு ஆகியவற்றோடு, இன்று காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து உள்ளே செல்லும் நாயும் பூனையும் அவற்றுள் அடங்கும். மறைவு ஒன்றே அதற்குக் காவல்.

இந்த மறைவான வாழ்க்கையே அதன் குரலையும் தீர்மானித்திருக்கிறது. சில அடி தூரத்தில் இருக்கும் துணையைக்கூடக் காண முடியாத இடத்தில், எல்லையை அறிவிப்பதும் சோடியைத் தொடர்புகொள்வதும் குரலால்தான் நடக்க வேண்டும். இலையும் தண்டும் நெருங்கிய இடத்தில் வேகமாக அதிரும் ஒலிகள் ஒன்றின் மேல் ஒன்று எதிரொலித்துக் குழம்பிவிடுகின்றன. நிதானமாக நீளும் சீழ்க்கை சிதையாமல் தூரம் செல்கிறது. வெப்பமண்டலக் காடுகளின் அடித்தளத்தில் வாழும் பல பறவைகள், ஒன்றோடொன்று உறவில்லாதவையாக இருந்தும், சீழ்க்கை போன்ற குரலையே கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. பழுப்புத்தொப்பிச் சிலம்பனின் குரல் இரண்டு மூன்று அசைகளில் முடியும் சிறிய தொடர். ஆங்கிலப் பறவை நூல்கள் அதைப் ‘பிரிட்டி டியர்’ என்று எழுதிக் காட்டுகின்றன. அந்த மொழியின் காது அப்படிக் கேட்டது. தமிழ்க் காது அதை எவ்வாறு கேட்கும் என்பதை, காட்டில் தேனெடுத்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்த நமது பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது செய்யத்தக்க வேலை என்று நினைக்கிறேன். பறவையைக் கண்ணால் தேடி எண்ணுவதைவிடக் குரலால் எண்ணுவதே இவ்வினத்தைப் பொறுத்தவரை நம்பத்தக்கது.

இனி, அந்தக் காட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு வருகிறேன். நாம் பட்டிப்பளை ஆறு என்றும் அரசாங்க ஆவணங்கள் கல்லோயா என்றும் அழைக்கும் ஆற்றின் பள்ளத்தாக்கில், ஒரு காலத்தில் தாழ்நில உலர் காடு பெரும்பரப்பாகக் கிடந்தது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழும்பி, சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருநீர்த்தேக்கம் உருவானது. அணைக்கு மேலிருந்த தாழ்வான காடு நீருக்குள் போனது. அணைக்குக் கீழிருந்த காடு வயலாகவும் கரும்பாகவும் குடியேற்றமாகவும் மாறியது. நீர் கிடைத்ததால் விளைந்த நெல்லை மறுக்க முடியாது. அந்தக் குடியேற்றங்களின் அரசியல் விளைவுகள் வேறொரு கட்டுரைக்கு உரியவை. காட்டுத் தரையில் வாழும் பறவையின் பக்கம் நின்று பார்த்தால், ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆற்றோரத்து வளமான மண்ணும் அதிக ஈரமும் கொண்ட காட்டுப் பகுதிகளே முதலில் போயின. எஞ்சியது பெரும்பாலும் பாறை சார்ந்த மேட்டுநிலம். நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதியைக் காப்பதற்காக 1954 இல் 25,900 ஹெக்டேயர் பரப்பில் கல்லோயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன் பாதிக்குச் சற்றுக் குறைந்த பகுதியே என்றும் பச்சையான காடு. எஞ்சியதில் கணிசமான பகுதி, கடுக்காயும் தான்றியும் நெல்லியும் ஐதாக நிற்கும் புல்வெளி. அந்தப் புல்வெளி அதனளவில் அரியது. ஆனால், அது சிலம்பனின் வீடு அல்ல. வடக்கே மாதுறு ஓயா அணையையும் மகாவலித் திட்டத்தையும் ஒட்டி 1983 இல் 58,850 ஹெக்டேயர் பரப்பில் மாதுறு ஓயாப் பூங்கா அமைந்தது. குடும்பிமலையைச் சூழ்ந்த காடு, இந்தப் பூங்காவுக்கும் மட்டக்களப்பின் படுவான்கரைக்கும் இடையே நின்று இரண்டையும் இணைக்கிறது.

இணைப்பு என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு அண்மையில் 1979 இல் தொடங்கிய ஒரு நீண்டகால ஆய்வில், பெருங்காட்டிலிருந்து 1, 10, 100 ஹெக்டேயர் அளவான துண்டுகள் பிரிக்கப்பட்டு, அவற்றில் வாழ்ந்த உயிரினங்களுக்கு என்ன நேர்கிறது என்று கவனிக்கப்பட்டது. சிறிய துண்டுகளில் விரைவாக இல்லாமற் போனவற்றுள், காட்டின் அடியில் பூச்சி தேடும் பறவைகள் முன்னிலையில் இருந்தன. நூறு மீற்றர் அகலம்கூட இல்லாத வெட்டவெளியையும் அவற்றுட் சில கடக்க மறுத்தன. பழுப்புத்தொப்பிச் சிலம்பன் அவற்றைவிடச் சற்று மனவுரம் கொண்டது என்று சொல்லலாம். தாழ்நிலத்திலும் மலைநாட்டிலும், பெருங்காட்டிலும் அடர்ந்த பற்றைக்காட்டிலும் அது வாழ்கிறது. உலகளாவிய சிவப்புப் பட்டியலில் அது ஆபத்துக் குறைந்த இனமாகவே வைக்கப்பட்டுள்ளது. ஆனால், அந்த மதிப்பீடு முழுத்தீவையும் சேர்த்துப் பார்த்துச் செய்யப்பட்டது. ஒரு குளக்கட்டுக்கும் ஒரு நெடுஞ்சாலைக்கும் இடையில் அகப்பட்ட சிறு காட்டில் நான்கு சோடிகள் இருந்து, ஒரு கோடைத் தீயில் அவை அழிந்தால், அந்த இடத்தை நிரப்பப் பக்கத்துக் காட்டிலிருந்து வேறு சோடி வயலைத் தாண்டி வருமா என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது.

காடு குறைவது கண்ணுக்குத் தெரியும். காடு நிற்கும்போதே அதன் அடி வெறுமையாவது தெரிவதில்லை. தேக்கந் தோட்டம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. உயரத்திலிருந்து பார்த்தால் அது காட்டைப் போலவே பச்சையாகத் தெரியும். உள்ளே நடந்தால், ஒரே வயதுத் தேக்குகளின் கீழே முறம் போன்ற இலைகள் காய்ந்து கிடக்கும். கோடையில் ஒரு தீப்பொறி போதும், தரை முழுவதும் எரிந்துவிடும். ஆண்டுதோறும் எரியும் தரையில் பற்றை மீள்வதில்லை. பற்றை இல்லாத இடத்தில் சருகின் ஈரம் நிற்பதில்லை. எனவே, ‘இந்த மாவட்டத்தில் இத்தனை வீதம் மரப்போர்வை உண்டு’ என்ற கணக்கைக் கேட்கும்போது, அந்தப் போர்வைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

மாட்டுப்பட்டியைப் பற்றியும் சேனையைப் பற்றியும் இங்கே நிதானமாகப் பேச வேண்டும். ஏனெனில், காடழிவின் பழி எளிதில் இவ்விரு தொழிலாரின் தலையில் விழுந்துவிடுகிறது. பழைய முறையில் ஒரு துண்டை வெட்டி எரித்துச் சோளமும் குரக்கனும் விதைத்து, ஓரிரு போகத்துக்குப் பின் விட்டு நகர்ந்தால், அந்த இடத்தில் சில ஆண்டுகளில் அடர்ந்த பற்றை எழும். அப்படி ஆறவிட்ட சேனைப் பற்றை சிலம்பனுக்கு ஏற்ற இடமே. ஆறவிடும் காலம் சுருங்கியதும், சேனை நிரந்தரத் தோட்டமாக மாறியதுமே கேடு. அதுபோலவே, வேளாண்மைக் காலத்தில் மாடுகளை வயலிலிருந்து அகற்றிப் படுவான்கரையின் மேய்ச்சல் தரைக்குக் கொண்டு செல்வது இம்மாவட்டத்தின் நெடுநாள் ஒழுங்கு. மேய்ச்சல் தரை மேய்ச்சல் தரையாகவே இருந்தவரை, பட்டிகள் அடர்காட்டின் அடிப்பற்றையை அவ்வளவாகத் தொடவில்லை. தரை சுருங்கினால் மாடு எங்கே போகும்? காட்டின் ஓரத்தை மிதித்து உள்ளே போகும். அது குருத்தைத் தின்னும், சருகைக் குளம்பால் அரைக்கும், தரையை இறுக்கும். மேய்ச்சல் நிலத்தைப் பட்டிக்காரருக்கு உறுதிப்படுத்திக் கொடுப்பதும் காட்டுத் தரையைக் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் என்றே நான் பார்க்கிறேன். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பறவையைக் கொல்வதைத் தடுக்கும். பறவை நிற்கும் சருகை அதனால் தனியே காக்க முடியாது.

போர் நீடித்த ஆண்டுகளில் இந்தக் காடுகளில் அமைதியாக நின்று பறவை பார்ப்பது யாருக்கும் இயலாததாக இருந்தது. குமணப் பூங்கா 1985 இலிருந்து 2003 வரை மூடியே கிடந்தது. தென்மேற்கின் காடுகளில் ஒரு தலைமுறை ஆய்வாளர் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், நமது பக்கத்தில் நோட்டுப் புத்தகம் வெறுமையாக இருந்தது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கும் இன்று, உறுகாமம், உன்னிச்சை, தாந்தாமலை, இங்கினியாகலை என்று தெரிந்த சில இடங்களில் ஆண்டுதோறும் ஒரே கிழமைகளில், ஒரே பாதையில் நடந்து, கேட்ட குரல்களை எண்ணி எழுதினாலே, பத்து ஆண்டுகளில் எந்தக் காட்டின் அடி வெறுமையாகிறது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவே போதும்.

தேடிப் போவோருக்குச் சில குறிப்புகள். சூரியன் கிளம்பிய முதல் ஒரு மணி நேரமே நல்ல நேரம். யானை நடமாடும் காடுகள் என்பதால், வழி தெரிந்த ஒருவருடனும், பூங்காவானால் உரிய அனுமதியுடனும் மட்டுமே செல்ல வேண்டும். சீழ்க்கை கேட்ட திசையை நோக்கிப் பற்றைக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் குரல் நின்றுவிடும், காலடியில் கூடு இருந்தாலும் தெரியாது. பாதையோரத்திலேயே அசையாமல் குந்தியிருந்து, கண்ணை முழங்கால் உயரத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். முதலில் ஒரு சருகு புரளும் ஓசை வரும். அரணையாகவும் இருக்கலாம். அந்த ஓசை சிறிது நகர்ந்து, மீண்டும் நகர்ந்து, இரண்டு இடங்களிலிருந்து மாறி மாறி வரத் தொடங்கினால் அது சிலம்பன் சோடியாக இருக்கக்கூடும். அப்போது நிழலுக்குள் கறுவா நிறத்தில் ஒரு மார்பும் அதற்கு மேல் கரும்பழுப்பான தொப்பியும் ஓரிரு கணம் தென்படலாம்.